பத்துக் கிலோ தம்பி

ஊத்தான் மெலிந்தாங்கில் எங்களிடம் இருப்பது
ஒரு மோட்டார்.
நான் ஓட்ட, பின்னால் கௌரீஸ்வரி,
என் முழங்கால்களுக்கு நடுவே
கொக்கியில் மாட்டிய ரோத்தான் நாற்காலியில்
துர்காஷினி.
ஐந்து வயதுக்கு அது சிறிசு.
முட்டி இரண்டும் ஹேண்டிலில் இடிக்கும்.
இறங்கமாட்டாள்.
மூன்று வருடமாக இந்த ஊர்க் காற்று
முதலில் அவள் முகத்தில் பட்டு
மிச்சம்தான் எனக்கு.

தம்பி வரப்போவதை
நலத்துறை அம்மா கொடுத்த தாளில் இருந்தபடியே சொன்னோம்.
எளிய சொற்களில்,
பொய் கலக்காமல்,
வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில்.
அவள் கௌரியின் வயிற்றைப் பார்த்தாள்.
அங்கே இல்லை, ஈப்போவில் இருக்கிறான்.
இரண்டு வயது. நடப்பான்.
"பேரு நான்தான் வைப்பேன்."
பேர் இருக்கும்மா. ஹர்வின்.
"யாரு வச்சா?"
அவனைப் பெத்த அம்மா.
(வேறெதையும் அவள் வைத்துவிட்டுப் போகவில்லை.
அதை நான் சொல்லவில்லை.)

மைலோவில் முக்கிய பிஸ்கட்
ஒடிந்து விழும்வரை யோசித்துவிட்டுக் கேட்டாள்:
"எப்பத் திருப்பிக் குடுக்கணும்?"

காலி கேஸ் தோங்கைத் திருப்பிக் கொடுக்கிறோம்.
எதிர்வீட்டு ஏணியை, பாலர் பள்ளிக் கதைப்புத்தகத்தை.
அவள் பார்த்து வளர்ந்தது அப்படி.
கொடுக்கவே வேணாம் என்றேன்.
"அவன் அடிச்சா?"
அடிச்சாலும்.
"நான் அடிச்சா?"
கௌரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
உன்னையும்தான், என்றாள்.

இதுவரை சுலபம்.
நாற்காலி விஷயத்தைத்தான்
ஒரு வாரம் தள்ளிப்போட்டோம்.
நான்கு பேர் ஏறக்கூடாதுதான்.
காருக்கு முன்பணம் இல்லை.

ஒத்திகைக்கு அரிசி மூட்டை, பத்துக் கிலோ.
இல்லத்தில் சொன்ன எடையும் ஏறக்குறைய அதுவே.
நாற்காலியில் நிமிர்த்தி வைத்து
பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினோம்.
ஷினி நடுவில்,
என் முதுகுக்கும் கௌரியின் வயிற்றுக்கும் இடையில்.
"ஒண்ணுமே தெரியல!"
என் சட்டையில் மூக்கைத் தேய்த்து அழுதாள்.
செம்பனை ஆலை வரை போய்த் திரும்பினோம்.
மறுநாள் சந்தை வரை. கொஞ்சம் குறைந்த அழுகை.
மூன்றாம் நாள் ஆற்றுப் பாலத்தில்
என் இடுப்பைச் சுற்றி ஒரு கை நீண்டு வந்து
மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டது.
"அரிசி அழாது. அவன் அழுவான்."
அழுவான்.
"பாலத்துல பயப்படுவான். நானும் பயந்தேன்."
எனக்குத் தெரியாதே.
"சொல்லல."

வியாழக்கிழமை வீட்டில் அரிசி தீர்ந்தது.
கௌரி மூட்டையின் நூலைப் பிரித்து
இரண்டு குவளை அள்ளிக் களைந்துவிட்டாள்.
ஷினி போட்ட கூச்சலில்
எதிர்வீட்டு மேகவர்ணன் கரண்டியோடு ஓடிவந்தார்.
"அது தம்பி! அது தம்பி எடம்!"
கடையில் வேறு மூட்டை வாங்கலாம் என்றேன்.
அது வேறயாம்.
எட்டரை மணிக்கு ரசம் ஊற்றித் தின்றாள்.
மன்னித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளி காலை நாற்காலி காலி.
ஏறும்மா, இன்னிக்கும் உன்னுதுதான்.
ஏறவில்லை.
பின்னால் போய்த் தொற்றிக்கொண்டு
என் பெல்ட்டைப் பிடித்தாள்.
ரொட்டி சானாய் கடையில் மாவு வீசுகிறவர்
கையை நிறுத்தாமல் கேட்டார்:
"என்னா, முன்னுக்கு ஆளக் காணோம்?"
"நாளைக்கு வருவான்"
என் முதுகு பதில் சொன்னது.

பாலம் வந்தது.
குலை லோரி ஒன்று உரசாமல் உரசிப் போனது.
எங்கும் தடுக்காமல், நேராக,
மார்பில் வந்து மோதியது காற்று.
சட்டையின் மேல் பொத்தான் இரண்டும்
எப்போதோ போயிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.